ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு

நூற்றாண்டு மலர்களில் கட்டடங்களின் வரலாறு தவறாமல் இடம்பெறும். எந்த மாடியை எந்த ஆண்டில் யார் திறந்து வைத்தார் என்பது கல்லிலே பொறிக்கப்பட்டிருப்பதால் எழுதுகிறவர்களுக்கும் அது வசதி. இம்மலரிலும் அவ்வரலாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது அதற்கு முந்திய கதை. அரிவரிப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியையின் கண்பார்வையில், ஒருவரின் பாடம் மற்றவரின் காதில் விழ இருந்து படித்த காலத்தின் கதை.

இதனை எழுதுவதா, விடுவதா என்பதில் எம்மிடையே இரண்டு கருத்து இருந்தது. "இல்லாமையை ஏன் மலரில் போட வேண்டும்?" என்று சில சகோதரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆசிரியர் போதாது, அறை போதாது, ஆகவே எல்லாரையும் ஒன்றாக இருத்தினார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்த இல்லாமைக்குள்ளே ஒரு முறை இருந்தது. அது இருந்திராவிட்டால் கரைவாகுப் பற்றிலும், நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் எமது உம்மாமாரும் மூத்தம்மாமாரும் எழுத்தறிந்திருப்பது அரிது என்பதே எமது எண்ணம்.

அரசாங்கப் பாடசாலை வருவதற்கு முன்னரே எமது ஊர்களில் பெண் பிள்ளைகள் கூடிப் படிக்கும் இடம் ஒன்று இருந்தது. அது குர்ஆன் ஓதும் வீடு. சிறு பிள்ளைகள் பள்ளிவாசலோடு சேர்ந்த மதரசாவில் லெப்பையிடம் ஓதினார்கள். சற்றே வளர்ந்த பெண் பிள்ளைகள், ஓதத் தெரிந்த ஒரு பெண்ணின் வீட்டு விறாந்தையில் ஓதினார்கள். அங்கே வகுப்பு என்ற பேச்சே கிடையாது. பாயிலே ஒரு பிள்ளை அலிஃப், பே என்று எழுத்துச் சொல்லும். பக்கத்தில் இன்னொன்று சிறிய சூறாக்களை மனனம் பண்ணும். மூலையில் இருப்பவள் குர்ஆனை ஓதி முடிக்கும் தறுவாயில் இருப்பாள். ஒவ்வொருத்தியும் தன் பாடத்தை ஓதிக் காட்டிவிட்டு அடுத்த பாடம் வாங்குவாள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சின்னவளின் பிழையை முதலில் திருத்துகிறவர் ஓதிக்கொடுக்கும் அம்மா அல்லர், பக்கத்தில் இருக்கும் ராத்தாதான். அறபுத் தமிழ் வாசிக்கப் பழகியதும் பலருக்கு இப்படியான விறாந்தைகளில்தான்.

இவ்வொழுங்கு எமது கடற்கரைக்குப் பொருந்தி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெளியூர்ச் சகோதரிகளின் பிள்ளைகளுக்காக அதனைச் சற்று விரித்துச் சொல்கிறோம். இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண் வளவை விட்டுப் போவதில்லை. குடி வழியும் தாய் வழியாகவே வருகிறது. ஆகவே அக்கா தங்கைகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைகின்றன. பெரியம்மா பிள்ளைகளும் சாச்சி பிள்ளைகளும் ஒரு முற்றத்தில் வளர்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றாக விளையாடும் முற்றம் அது. ஒத்த வயதுப் பிள்ளைகளை மட்டும் தனியே பிரித்து இருத்துவதுதான் எமது ஊருக்குப் புதுமை. கலந்திருப்பது இங்கே பழக்கம்.

தமிழ்க் கிராமங்களின் திண்ணைப் பள்ளிக்கூடமும் இதே சாயல்தான். அங்கே உபாத்தியாயருக்கு உதவியாகப் பெரிய மாணவன் ஒருவன் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லுவான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இலங்கைத் தமிழில் ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்த வழக்கை மூத்தவர்கள் அறிவார்கள். மாணவனின் பெயருக்கும் ஆசிரியரின் பெயருக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

இந்தத் திண்ணை முறை கடல் கடந்து போன வரலாறு சுவையானது. அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண் அநாதை விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். ஒருநாள் வழியிலே உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் இருந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே ஜோன் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அது சரிவந்தது. 1797இல் லண்டனில் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் ஏறத்தாழ அதே வழியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தெங்கும் 'மதராஸ் முறை' என்று அது பரவிற்று. எமது கடற்கரையிலோ மணலுக்கு என்றுமே பஞ்சமில்லை. அதற்காக யாரும் நூல் எழுதவுமில்லை.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெல், லங்காஸ்டர் ஆகியோரின் பெயரால் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாக இருத்தி, மணியடித்து, கட்டளையிட்டு நடத்தினார்கள். குறைந்த செலவில் கூடிய தொகைப் பிள்ளைகள் என்பதே அதன் கணக்கு. ராத்தா தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பதில் அந்தக் கணக்கு இல்லை. சொல்லிக்கொடுத்தவள் வீட்டுக்குப் போகும்போதும் அதே தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தபோது இங்கிலாந்தில் இம்முறையே பெரும் பேச்சாக இருந்தது. அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டது. எமது பெற்றோர் மிஷன் பள்ளிகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை அவர்கள் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்ததும் இந்தப் பயத்தை அறிந்துதான். அந்த வெளிச்சம் கிழக்குக் கரைக்கு வந்து சேர வெகு காலம் எடுத்தது.

வகுப்பு என்ற பிரிவு எமது நாட்டில் இறுகியது 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பிற்பாடு. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் சித்தியடையும் அளவைப் பார்த்தே பணம் கொடுக்கும் முறை வந்தது. அதற்காக இன்ன வகுப்புக்கு இன்ன அளவு என்று வரையறுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளை தன் வகுப்புக்குரிய வரிசையில் நிற்க வேண்டும். காகிதத்தில் ஐந்து வகுப்பு. மண்டபத்தில் ஒருவரோ இருவரோ ஆசிரியர். பழைய கிராமப் பாடசாலைகள் யாவும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்தன.

அந்த மண்டபம் எமக்குத் தெரிந்தது. அரைச்சுவர் எழுப்பி, மேலே திறந்து விட்ட நீண்ட கட்டடம். அதற்கும் முன்னர் கிடுகு வேய்ந்த கொட்டில். இடையில் தட்டி கிடையாது. ஒரு வகுப்பு கிழக்கே பார்த்து இருந்தால் அடுத்தது மேற்கே பார்த்து இருக்கும். இரண்டுக்கும் நடுவே கரும்பலகை. ஆசிரியை காலையில் பெரிய வகுப்புக்குக் கணக்குகளை எழுதிப் போட்டுவிட்டு நடு வகுப்பின் வாசிப்பைக் கேட்பார். அரிவரிப் பிள்ளைகள் மணலிலோ சிலேட்டிலோ ஆனா, ஆவன்னா எழுதிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் கணக்கு முடித்த பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் எழும்பிப் போய் அவற்றைப் பார்ப்பார்கள். வாய்ப்பாடு எல்லாருக்கும் பொது. மண்டபமே சேர்ந்து சொல்லும். கதையும் பொது, தையலும் பொது. தையலில் சின்னவள் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள், நடுவிலிருப்பவள் ஓட்டுத் தையல் போடுவாள், பெரியவள் பூ வேலை செய்வாள். ஒரே வேலையை ஆளுக்கு ஏற்ற ஆழத்தில் கொடுப்பது என்று இன்று பயிற்சிக் கலாசாலைகளில் சொல்லிக்கொடுப்பதை அந்த ஆசிரியைமார் வயிற்றுப்பாட்டுச் சமர்த்தினால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஒத்த வயதில் ஒரு வகுப்புச் சேர்வது அன்று நடக்கக்கூடிய காரியமும் அல்ல. வேளாண்மை வெட்டு, சூடு மிதிப்பு என்று வந்தால் குடும்பங்கள் வயல் வாடிக்குப் போய்விடும். மருதமுனையில் தறி ஓடும் வீட்டில் நூல் சுற்றப் பெண் பிள்ளை வேண்டும். பாய் இழைக்கும் வீட்டில் உம்மாவின் கை ஓய்வதில்லை. கைப்பிள்ளையை யார் பார்ப்பது? ஆகவே ஒருத்தி ஆறு வயதில் வந்தால் இன்னொருத்தி ஒன்பது வயதில் வந்தாள். வந்தவள் இடுப்பிலே தம்பியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தம்பியை வெளியே போ என்று சொல்லியிருந்தால் அவளும் அன்றோடு நின்றிருப்பாள். அப்படிச் சொல்லாத ஆசிரியைமாருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பது கணக்கில் அடங்காது.

இதிலும் பெரிய விடயம் ஒன்று. பெண் பிள்ளை பெரிய பிள்ளையானதும் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டோடு நிறுத்துவது அக்கால வழக்கம். பிந்தி வந்து முந்தி நிற்பவளுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள்தான் கிடைத்தன. தனித்தனி அறையாக இருந்திருந்தால் அவள் மூன்றாம் வகுப்போடு போயிருப்பாள். மூன்றாம் வகுப்புப் பாடம் மட்டுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரே மண்டபமாக இருந்ததால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பாடங்களும் காதில் விழுந்தன. தன் கணக்கை எழுதிக்கொண்டே மேல் வகுப்பின் செய்யுளை மனனம் பண்ணியவர்களை எமது வீடுகளில் கண்டிருக்கிறோம். மூன்றாம் வகுப்போடு நின்ற மூத்தம்மா, பேரப்பிள்ளையின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தட்டுத் தடங்கலின்றி வாசிப்பதைக் கண்டு வியந்தவர்கள் இம்மலரை வாசிப்போரில் பலர் இருப்பீர்கள். அது அதிசயம் அல்ல. அவர் இரண்டு வகுப்பைக் காதால் படித்தவர்.

ஆனால் இதற்கு விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள். அரிவரிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க எழும்பிப் போகும் நேரத்தில் அவர்களுடைய பாடம் நின்றுவிடும். கெட்டிக்காரி எவளோ அவளுக்கே அந்த வேலை கூடுதலாக வந்தது. சொல்லிக்கொடுப்பதால் தன் அறிவும் உறுதிப்படும் என்பது சரி. ஆனால் ஆனா, ஆவன்னாவை நூறு தடவை சொல்லிக்கொடுப்பதால் பின்னம் விளங்கிவிடாது. பழைய காலத்தைப் புகழ்ந்து பேசும்போது இதனை மறைத்து விடுகிறோம். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஆசிரியர்களின் வரவும் மாற்றமும் எழுதப்பட்டிருக்கும். இப்பிள்ளைகளின் உழைப்பு எழுதப்பட்டிராது. ஆசிரியையும் இதில் தப்பவில்லை. ஒரு வகுப்புக்குக் கற்பிக்கப் பயிற்றப்பட்டவர் ஐந்தை இழுத்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பாடசாலைக்கே காய்ச்சல்.

மாற்றம் நாற்பதுகளில் வேகம் பிடித்தது. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் யுத்தகால உணவு உற்பத்திக்காக அனுப்பப்பட்டவர். நெல்லோடு நின்றுவிடாமல் இங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையையும் கண்டு, அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாக வழி செய்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அவருடைய நண்பர். 1945 ஒக்டோபர் முதலாந் திகதி கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அம்பாறை தனி மாவட்டமான 1961இல் எமது ஊர்களில் பாடசாலைகள் பெருகத் தொடங்கியிருந்தன. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்கள் சொந்த ஊரிலேயே கற்பிக்க வந்தார்கள். அறைகள் வந்தன, தட்டிகள் வந்தன, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்றாயிற்று. இதையெல்லாம் நாம் மனமார வரவேற்றோம்.

வரவேற்கும்போது கவனிக்காத ஒன்று, பிந்தி வந்தவளின் கதி. வயதுக்கு ஒரு வகுப்பு என்று ஆனதும், ஒன்பது வயதில் முதலாம் வகுப்பில் இருப்பவள் வெட்கப்பட வேண்டியவளானாள். பழைய மண்டபத்தில் அவள் யாருக்கோ ராத்தா. புதிய அறையில் அவள் 'பெரிய மாடு'. இரண்டாம் தவணைக்கு அவள் வரவில்லை. 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்று விதி வந்த பின்னர் இந்நிலை பெரிதும் மாறியது.

2004 டிசெம்பர் 26க்குப் பிறகு பழைய மண்டபம் மறுபடி வந்ததை எம்மில் இளையவர்கள் அறிவார்கள். நாட்டிலேயே கூடுதலான உயிர்களைக் கடல் கொண்டு போனது அம்பாறை மாவட்டத்தில்தான். கரையோரப் பாடசாலைகள் இடிந்தன. எஞ்சிய பிள்ளைகள் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் தரம் பாராமல் சேர்ந்து இருந்தார்கள். தங்கச்சியைத் தனியே விட மறுத்த ராத்தாமாரை எந்த ஆசிரியையும் பிரிக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எமக்குக் கை வரவில்லை.

இன்று உலகம் இம்முறையை வேறு பெயர்களில் திரும்பவும் எடுத்திருக்கிறது. கொலம்பியா நாட்டின் மலைக் கிராமங்களுக்கென 1970களில் 'எஸ்குவேலா நுவேவா', அதாவது புதிய பள்ளி, என்ற திட்டம் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகளும் ஏணிப்படி ஒழுங்கும் உருவாயின. அதைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுவதற்கும் போயிற்று. முதலாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையான பிள்ளைகள் ஒரே அறையில், பாயில் இருந்து, தத்தம் அட்டையைத் தாமே எடுத்துப் படித்தார்கள். பெல் சென்னையிலிருந்து கொண்டுபோனது இருநூறு ஆண்டு கழித்துச் சென்னைக்கே வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இலங்கையிலும் 1999இல் நாடளாவியதாக வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 ஆகியவற்றை ஒரு முதன்மை நிலையாகவும், தரம் 3, 4 ஆகியவற்றை இன்னொன்றாகவும், தரம் 5ஐத் தனியாகவும் வகுத்தது. இரண்டு ஆண்டுக்குள் அடைய வேண்டியதைப் பிள்ளை தன் வேகத்தில் அடையலாம் என்பதுதான் அதன் உட்பொருள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் என்ற வண்டிச் சக்கரத்தின் கீழ் அந்த உட்பொருள் நசுங்கிப் போனது வேறு கதை.

இக்கட்டுரைக்கு நாம் இத்தனை பக்கம் கேட்டு வாங்கியது பழமைக்காக மட்டுமல்ல. எமது பழைய மாணவியரில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியைகள். அவர்களில் சிலர் வயலோரக் குடியேற்றங்களிலும் பொத்துவில் பக்கத்திலும், பிள்ளைகள் தொகை குறைந்த சின்னப் பாடசாலைகளில் இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிக்கிறார்கள். அவர்களுக்கு வரும் பாடநூலும் ஆசிரியர் வழிகாட்டியும் ஒரு தரத்துக்கு ஓர் ஆசிரியர் என்று எண்ணி எழுதப்பட்டவை. சிறிய பாடசாலை என்றால் மூடிவிடலாம், பெரியதோடு சேர்க்கலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கணக்குப் பார்த்தால் அது சரி போலத் தோன்றும். ஆனால் அப்பாடசாலை மூடப்பட்டால் ஆண் பிள்ளை சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போவான். ஏழு வயதுப் பெண் பிள்ளையை யார் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்? எமது அனுபவத்தில் பெண் கல்வி அறுபட்டதெல்லாம் இப்படியான இரண்டு மூன்று மைல் தூரத்தில்தான்.

ஆகவே எமது சங்கத்திடம் இரண்டு விடயங்கள் கேட்கிறோம். நூற்றாண்டு நிதியிலிருந்து புதிய வாயிற் கோபுரத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை, சின்னப் பாடசாலைகளில் கற்பிக்கும் எமது சகோதரிகள் ஒன்றுகூடிப் பாட அட்டைகள் தயாரிப்பதற்குக் கொடுங்கள். காகிதமும் ஒட்டும் பசையும் விடுமுறையில் ஒரு கிழமையும் போதும். கோபுரம் அடுத்த ஆண்டு உயரட்டும்.

மற்றது, பெயர்கள். உங்கள் உம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ முதல் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெரிய பிள்ளை யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஆசிரியையின் பெயர் எமக்குத் தெரியும், பதிவேட்டில் இருக்கிறது. எமக்கு வேண்டியது பக்கத்தில் இருந்த ராத்தாவின் பெயர், வீட்டுப் பெயரானாலும் சரி, எந்தக் குடி, எந்த வளவு என்ற விபரத்தோடு. கேட்கக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். வரும் நோன்புப் பெருநாளைக்கு வீட்டுக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.